'கும்பகோணம் கார்' என்று சேமிக்கப்படும் எண்

நவகிரகக் கோயில்களைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பும் குடும்பம், வண்டி ஓட்டி வந்தவரின் எண்ணைப் போனில் எந்தப் பெயரில் போட்டு வைக்கிறது என்று பாருங்கள். 'கும்பகோணம் கார்', 'கோயில் டிரைவர்', 'டாக்ஸி கும்பகோணம் 2'. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அடுத்த வருஷம் சித்தி வீட்டில் யாரோ திருநாகேஸ்வரம் போக வேண்டும் என்று கேட்கும்போது, அந்த மூன்று எண்களில் நல்லபடியாகக் கூட்டிப்போனவர் எவர் என்று அவர்களுக்கே நினைவிருக்காது. ஏதோ ஒன்றுக்கு அடிப்பார்கள். நடை சாத்துவதற்குள் கொண்டுபோய் நிறுத்தி, பாட்டியைக் கைபிடித்து இறக்கிவிட்ட உழைப்பெல்லாம் அந்த ஓர் இடத்தில் கரைந்துவிடுகிறது.

ஒன்றிலிருந்து நான்கு வண்டிவரை வைத்துச் சொந்தமாக டிராவல்ஸ் நடத்துபவருக்கு பிராண்ட் என்பது இந்தச் சேமித்த பெயர்தான். லோகோவும் கலரும் பிறகு வரட்டும். உங்கள் பெயர் சொல்லி எண் சேமிக்கப்பட வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு வேலை ஞாபகத்துக்கு வர வேண்டும். கும்பகோணத்தை மையமாக வைத்து நவகிரகச் சுற்றுலா நடத்துபவர்களை மனதில் கொண்டு இதை எழுதுகிறேன். வேறு ஊர், வேறு தடம் என்றாலும் வழிமுறை பெரிதாக மாறாது.

முதலில் யாருக்காக ஓட்டுகிறோம் என்பது. அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து நவகிரகப் பேருந்து விடுகிறது. தலைக்கு ஆகும் செலவில் கார் அதோடு போட்டி போட முடியாது, போடவும் கூடாது. பேருந்தில் போக முடியாதவர் யார் என்று யோசியுங்கள். முழங்கால் வலிக்காரர், சர்க்கரை இருப்பதால் வேளைக்குச் சாப்பிட வேண்டியவர், கைக்குழந்தைக்காரி, ஒரு கோயிலில் அர்ச்சனையோடு பரிகாரமும் செய்ய ஒரு மணி நேரம் வேண்டுபவர், மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அப்பா அம்மாவோடு வருபவர். இவர்கள்தான் உங்கள் ஆட்கள். 'பெரியவர்களை அலைச்சல் இல்லாமல் ஒன்பது கோயிலுக்கும் கூட்டிப்போகிறவர்' என்ற ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்யாண டிரிப்பும் ஏர்போர்ட் டிரிப்பும் வந்தால் ஓட்டுங்கள். ஆனால் போர்டில் அவற்றை எழுதாதீர்கள். எல்லாவற்றையும் எழுதிய போர்டில் எதுவும் மனதில் நிற்பதில்லை.

பெயர் வைக்கும்போது சாமி பெயரோடு டிராவல்ஸ் என்று சேர்ப்பது நம் வழக்கம். பக்தி சரிதான், ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அதே பெயரில் நாலு பேர் இருக்கிறார்கள். உங்கள் சொந்தப் பெயரும் ஊர் அல்லது தெருப் பெயரும் சேர்ந்தால் அது வேறெவருக்கும் இருக்காது. முடிவு செய்யும் முன் இரண்டு சோதனை. பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் நின்று போனில் ஒருமுறை சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்காமல் எழுதினால் தேறியது. அடுத்து, நாலு பேரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். லட்சுமி என்பதை ஒருவர் எக்ஸ் போட்டு எழுதுவார், ஒருவர் கே-எஸ்-ஹெச் போட்டு எழுதுவார். நாலு பேரும் நாலு விதமாக எழுதும் பெயரை கூகுளில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். தேர்ந்த எழுத்துக்கூட்டலை வண்டி, ரசீது, வாட்ஸ்அப், கூகுள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வையுங்கள்.

எண்ணும் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். வேலைக்கு இருக்கும் டிரைவரின் எண்ணை கார்டில் அச்சடித்துவிட்டு, அவர் விலகிப் போனதும் வாடிக்கையாளரும் கூடவே போய்விட்டார் என்று வருந்துபவர்கள் நிறைய. நீங்களே ஓட்டுபவர் என்றால் ஓட்டும்போது போன் எடுக்க முடியாது. ஐந்து முறை மணி அடித்தால் வீட்டில் இருப்பவருக்குப் போகும்படி கால் ஃபார்வர்டு போடுங்கள். அவருக்கு விலை சொல்லத் தெரிய வேண்டாம். தேதி, ஆட்கள் எண்ணிக்கை, எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், பெரியவர்கள் எத்தனை பேர் என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, 'சாயங்காலம் 7 மணிக்குள் அவரே கூப்பிடுவார்' என்று சொன்னால் போதும். 7 மணிக்குள் கூப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மலேசியா, சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. இரவு 9 மணிக்கு நீங்கள் அழைத்தால் அங்கே பதினொன்றரை.

தடம் தெரிந்தவர் என்று காட்டுவது

இந்தத் தொழிலில் நம்பிக்கை பிறக்கும் இடம் பயணத் திட்டம். ஒரே நாளில் ஒன்பதும் பார்ப்பதற்கான வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: விடிகாலை கிளம்பி திங்களூர், அங்கிருந்து ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர். மதியம் நடை சாத்தும் நேரத்தில் மயிலாடுதுறைப் பக்கம் சாப்பாடு. நாலு மணிக்கு வைத்தீஸ்வரன் கோயில், பிறகு திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு. சுற்றி வர ஏறத்தாழ 250 கி.மீ. ஆகும். இதில் எங்கே இடறும் என்று முன்கூட்டியே சொல்பவரைத்தான் வாடிக்கையாளர் நினைவில் வைப்பார்.

திங்களூரில் அரை மணி தாமதமானால் அது கஞ்சனூரில் வந்து அடிக்கும். அங்கே நடை சாத்திவிட்டால் நாலு மணிவரை காத்திருக்க வேண்டும், அதற்குப் பின் திருநள்ளாறு கைவிட்டுப் போகும். அதனால்தான் காலை 6 மணி என்றால் 6 மணி. இதைப் பதிவு செய்யும்போதே காரணத்தோடு சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சூரியனார் கோயிலுக்கு முன்பு திருமங்கலக்குடி பிராணநாதரைத் தரிசிப்பது மரபு. அதற்கு அரை மணி கூடுதலாக வேண்டும். ஒரு நாள் திட்டத்தில் அதைச் சேர்த்தால் வேறு எங்காவது குறையும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழமையும் உண்டு. சனிக்கிழமை திருநள்ளாற்றிலும், வியாழன் ஆலங்குடியிலும், செவ்வாய் வைத்தீஸ்வரன் கோயிலிலும் கூட்டம் கூடும். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை நாலரை முதல் ஆறு. அந்த நேரத்தில் திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் பார்க்க வேண்டும் என்று கேட்பவருக்கு ஒரு நாளில் ஒன்பது கோயில் சரிப்படாது. 'இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது ஐந்து கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று சொல்லுங்கள். டிரிப் கைநழுவிப் போகலாம். போகட்டும். எல்லாவற்றுக்கும் 'முடியும் சார்' என்று சொல்லிவிட்டு வழியில் கையைப் பிசைபவருக்கு இரண்டாவது அழைப்பு வருவதில்லை.

கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. போனை வண்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே போகும் பெரியவர், வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வண்டி நிற்கிறது என்று திகைத்து நிற்பார். இங்கேதான் ஓர் அட்டை தன் வேலையைக் காட்டும். விசிட்டிங் கார்டு அளவு வேண்டாம், எழுத்து தெரியாது. தபால் அட்டை அளவில், 14க்கு 9 செ.மீ., கெட்டித் தாளில் அடியுங்கள். முன்பக்கம் உங்கள் பெயர், எண், அன்றைய வண்டியின் பதிவெண் எழுத ஒரு கட்டம். எண்ணின் உயரம் குறைந்தது ஒரு செ.மீ. இருக்கட்டும். பின்பக்கம் ஒன்பது கோயில்களும் போகும் வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: வண்டி நிற்கும் இடம், எத்தனை படி, கழிவறை எங்கே. ஸ்தல புராணம் எல்லோரிடமும் இருக்கிறது. படிக்கணக்கு யாரிடமும் இல்லை. அந்தக் கணக்கை நீங்களே நடந்து எண்ணி எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள், ஏனென்றால் திருப்பணி தொடங்கினால் வழியையே மாற்றிவிடுவார்கள். ஒரு கடைக்காரரிடம் போன் வாங்கி இந்த அட்டையைப் பார்த்து உங்களை அழைக்கும் பாட்டி, அந்த அட்டையை ஊருக்கும் எடுத்துப் போவார். பூஜை அறையில் பஞ்சாங்கத்தோடு அது வருஷக்கணக்கில் கிடக்கும்.

விலை சொல்லும் விதம்

'கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைசியில் பேட்டா, டோல், பார்க்கிங், பர்மிட் என்று ஒவ்வொன்றாகக் கூட்டுவதுதான் நம் தொழிலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்கிறது. வண்டி ஷெட்டில் கிளம்பியதிலிருந்து திரும்ப ஷெட்டுக்கு வரும்வரை கிலோமீட்டர் எண்ணும் கணக்கு வாடிக்கையாளருக்குப் புரியாது. அவர் லாட்ஜ் வாசலில் ஏறியதிலிருந்துதான் மீட்டரைப் பார்ப்பார். நிலையான தடத்துக்கு மொத்தத் தொகை சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போகும் செய்தி இப்படி இருக்கலாம்:

'வணக்கம் அம்மா. ஞாயிறு, நவகிரக டிரிப், பெரியவர் 3, மொத்தம் 5 பேர்.
வண்டி: எர்டிகா, ஏசி. பதிவெண், டிரைவர் பெயர் முதல் நாள் மாலை 6 மணிக்குள் வரும்.
காலை 6 மணி லாட்ஜ் வாசல், இரவு 10 மணிக்குள் திரும்ப இறக்கம்.
மொத்தம் இவ்வளவு ரூபாய். டீசல், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், காரைக்கால் பர்மிட் எல்லாம் இதில் அடக்கம்.
சேராதது: அர்ச்சனை, சாப்பாடு. டிரைவர் சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.
260 கி.மீ. தாண்டினால் கூடுதல் கிலோமீட்டருக்கு இவ்வளவு.
முன்பணம் கால் பங்கு. 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் முழுசும் திரும்பும்.'

இதை விரைவுப் பதிலாக வாட்ஸ்அப் பிசினஸில் சேமித்து வைத்தால், தேதியும் தொகையும் மட்டும் மாற்றி ஒரு நிமிடத்தில் அனுப்பலாம். காரைக்கால் பர்மிட் வரிக்கு ஒரு காரணம் உண்டு. திருநள்ளாறு புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இருக்கிறது. அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் இருக்கும் வண்டிக்குத் தொல்லை இல்லை. தமிழ்நாட்டுக்குள் ஓட மட்டும் பர்மிட் உள்ள வண்டியை அனுப்பினால், எல்லையில் நிற்கும் அரை மணி நேரம் உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

முன்பணம் வாங்கும் இடத்தில் பலர் கவனிக்காத ஒரு விஷயம். யுபிஐயில் பணம் போடும்போது திரையில் வங்கிக் கணக்கின் பெயர் வரும். டிராவல்ஸ் பெயர் ஒன்று, திரையில் வருவது மச்சான் பெயர் என்றால், முன்பின் தெரியாத சென்னைக்காரர் அங்கேயே நிறுத்திவிடுவார். போலி எண் மோசடிகளைப் பற்றிப் படித்திருப்பவர் அவர், நிறுத்துவது நியாயமும்கூட. சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். அந்தச் சான்றோடு போய் டிராவல்ஸ் பெயரிலேயே நடப்புக் கணக்கு தொடங்குங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு இல்லாமல் ரசீதில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டு வாங்குவது குற்றம். மஞ்சள் போர்டு விஷயத்தில் சமரசமே வேண்டாம். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். அதற்குப் பிறகு காப்பாற்றுவதற்கு எந்தப் பெயரும் மிச்சமிருக்காது.

கூகுள் பிசினஸ் கணக்குக்குக் காசு கிடையாது. ஆனால் அவசரத்தில் போட்டுக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். பெயர் இருக்கும் இடத்தில் வண்டியில் எழுதியிருக்கும் பெயர் மட்டுமே வர வேண்டும். அதோடு 'பெஸ்ட் டாக்ஸி கும்பகோணம் நவகிரக டூர் லோ பிரைஸ்' என்று வால் சேர்த்தால் கூகுள் கணக்கை முடக்கலாம். அதை மீட்க வாரக்கணக்கில் அலைய வேண்டும், மதிப்புரைகளும் அதுவரை கண்ணில் படாது. முதன்மை வகையாக டூர் ஆபரேட்டர் என்று போடுங்கள், டாக்ஸி சேவை இரண்டாவதாக இருக்கட்டும். வாடிக்கையாளர் வீடு தேடி வரப்போவதில்லை என்றால் முகவரியை மறைத்து, சேவைப் பகுதிகளை மட்டும் காட்டலாம். 20 இடங்கள்வரை சேர்க்க முடியும். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி, வீட்டு வாசல், பெயர் எழுதிய வண்டி, அதைத் திறந்து உள்ளே, ஆர்சி புத்தகம் என்று வெட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். இன்னொன்று, கணக்கின் முதன்மை உரிமையாளர் உங்கள் மின்னஞ்சலாகவே இருக்கட்டும். இணையதளத்தின் டொமைனும் உங்கள் பெயரில்தான் பதிவாக வேண்டும். செய்து தருபவரின் பெயரில் விட்டுவிட்டால், அவரோடு மனஸ்தாபம் வரும் நாளில் உங்கள் பெயர் அவர் கையில் இருக்கும்.

படங்களில் கோபுரம் வேண்டாம், அது எல்லோரிடமும் உண்டு. எர்டிகாவில் மூன்றாம் வரிசை இருக்கையை நிமிர்த்தி வைத்தால் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர்தான். ஆறு பேரும் ஆறு பெட்டியும் ரயிலிலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. மூன்றாம் வரிசை நிமிர்ந்த நிலையில் இரண்டு பெட்டி வைத்து ஒரு படம், மடித்த நிலையில் ஐந்து பெட்டியோடு ஒரு படம், மேலே கேரியரில் தார்ப்பாய் கட்டிய படம். கதவு திறந்த நிலையில் ஏறும் உயரம் தெரிய, கீழே பிளாஸ்டிக் ஸ்டூல் போட்ட படம். அந்த ஸ்டூலை எப்போதும் வண்டியில் வையுங்கள். இருநூறு முன்னூறு ரூபாய்ப் பொருள், உங்களைப் பற்றிப் பேச வைக்கும்.

மதிப்புரையை வண்டியில் இருக்கும்போது கேட்காதீர்கள், கட்டாயம் போலாகிவிடும். மறுநாள் காலை பத்து மணிக்குக் கேளுங்கள், இணைப்பை அனுப்புங்கள். 'ஐந்து நட்சத்திரம் போடுங்கள்' என்று எழுத வேண்டாம். 'அம்மாவுக்கு எந்தக் கோயிலில் சிரமமாக இருந்தது, எங்கே வசதியாக இருந்தது என்று எழுதினால் அடுத்து வருபவர்களுக்கு உதவும்' என்று எழுதுங்கள். வருகிற பதிலில் பாட்டி, படி, ஸ்டூல் எல்லாம் இருக்கும், பெரும்பாலும் உங்கள் பெயரும் இருக்கும். மதிப்புரைக்காகத் தள்ளுபடி கொடுப்பது கூகுள் விதிக்கு மாறானது. சொந்தக்காரர்களை வைத்து ஒரே நாளில் இருபது போட்டால் அவை நீக்கப்படவும் கூடும். குறை எழுதியவருக்கு ஒரு நாளுக்குள் மூன்றே வாக்கியத்தில் பதில்: நடந்தது உண்மை என்றால் ஒப்புக்கொள்ளுங்கள், என்ன நஷ்டம் அவருக்கு என்று சொல்லுங்கள், இனி என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். 'அன்று வண்டி 35 நிமிடம் தாமதமாக வந்தது உண்மை. அதனால் கஞ்சனூர் தரிசனம் கிடைக்காமல் போனதற்கு மன்னியுங்கள். இப்போது வண்டியை முதல் நாள் இரவே கழுவி, டீசல் போட்டு நிறுத்துகிறோம்.' படிக்கப்போவது அவர் மட்டும் அல்லவே.

பெயரை உள்ளிருந்து அரிப்பவை இரண்டு. ஒன்று கமிஷன். திருபுவனம் பட்டு, சுவாமிமலை சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, வைத்தீஸ்வரன் கோயில் நாடி ஜோதிடம் என்று இந்தத் தடம் முழுக்கக் கமிஷன் உண்டு. அது கேவலம் என்று சொல்ல மாட்டேன், பல டிரைவர் வீட்டில் அடுப்பெரிவது அதில்தான். ஆனால் கேட்காத கடைக்கு வண்டியைத் திருப்பினால், பின்சீட்டில் இருப்பவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. அதற்கு முன்பு ஆறு மணி நேரம் நீங்கள் காட்டிய அக்கறை எல்லாம் அவருக்கு நடிப்பாகத் தோன்றும். டிரைவருக்கு பேட்டாவைக் கூட்டிக் கொடுத்து, 'கேட்டால் மட்டும் கடை' என்று விதி வையுங்கள். அந்த விதியை விலைச் செய்தியிலும் ஒரு வரியாகச் சேருங்கள். அந்த ஒரு வரிக்காகவே உங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு.

மற்றது மாற்று வண்டி. சீசனில் உங்கள் வண்டி போதாமல் தெரிந்தவர் வண்டியை அனுப்புவீர்கள். ஏசி ஓடாவிட்டாலும், டிரைவர் இனாம் கேட்டு முகம் சுளித்தாலும் பழி உங்களுக்கே. முதல் நாளே 'எங்கள் வண்டி இல்லை, நாங்கள் பொறுப்பேற்கும் நண்பரின் வண்டி' என்று சொல்லிவிடுங்கள். அந்த வண்டியிலும் உங்கள் அட்டையும் ஸ்டூலும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். மதியம் ஒருமுறை நீங்களே வாடிக்கையாளரை அழைத்து, 'சாப்பிட்டீங்களா, ஏசி சரியா இருக்கா' என்று கேளுங்கள். அந்த அழைப்பை விட்டுவிடாதீர்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் குட் மார்னிங் போட்டால் உங்களைச் சத்தமில்லாமல் மறைத்துவிடுவார்கள். மாதத்தில் மூன்று நான்கு போதும்: கிரகணத்தன்று நடை சாத்தும் நேரம், பாலாலயம் (திருப்பணிக்காக மூலவரைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைத்து வழிபடுவது) நடக்கும் கோயில், மார்கழியில் மாறும் திறப்பு நேரம், குருப்பெயர்ச்சிக் கூட்டம். இங்கே பிழை வரக் கூடாது. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று எல்லா இடத்திலும் ஓடியது, அது திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் கணக்கு. திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி அன்று பெயர்ச்சி இல்லை என்று கோயில் தரப்பே அறிவித்தது. அந்த வேறுபாட்டைத் தன் வாடிக்கையாளருக்கு முன்பே விளக்கிச் சொல்லும் வண்டிக்காரரை ஒரு குடும்பம் விடவே விடாது. கோயில் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒளிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் இரவு இறக்கிவிடும்போது, 'இந்த எண்ணை என் பெயரோடு, நவகிரகம் என்று சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், நடை நேரம் மாறினால் தகவல் அனுப்புகிறேன்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்குக் கிடைப்பது 'கும்பகோணம் கார்'தான்.

பெயர் இரண்டு வருஷம் நின்று, வேறு ஊரிலிருந்தும் அதைச் சொல்லி அழைப்பு வரத் தொடங்கினால் டிரேட்மார்க் போடலாம். பயண ஏற்பாடு 39ஆம் வகுப்பில் வரும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். அதற்கு முன்பு அவசரப்பட வேண்டாம்.

கடைசியாக மகாமகம். 2016க்குப் பிறகு 2028இல் வருகிறது. அந்த நாட்களில் ஊருக்குள் வண்டி நுழைவதே பெரும்பாடாக இருக்கும், அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். வெளியூர்க்காரர் யாரைக் கேட்பது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கியிருப்பார். போன் பக்கத்தில் இருக்கும் அந்த நோட்டில் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: குடும்பத்தின் பெயர், பெரியவர்கள் எத்தனை பேர், யாருக்கு ஸ்டூல் வேண்டும்.